கியர் சைக்கிள்: செயின், ஷிஃப்டர், கேபிள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியர் சைக்கிள் வாங்கப் போகிறவர்களும், வாங்கிய பிறகு கியர் சரியாக விழவில்லை என்று தலையைச் சொறிகிறவர்களும் கேட்கிற கேள்விகளைத் திரட்டியிருக்கிறேன். வேலைக்குப் போய்வர, ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்ட, எப்போதாவது ஏற்காடோ கொல்லிமலையோ ஏறிப் பார்க்க என்று சைக்கிள் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. பந்தயக்காரர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது.

நான்கு பெயர்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பெடலோடு சேர்ந்து சுற்றும் முன்பக்கப் பல்சக்கரம் செயின்வீல். பின்சக்கரத்தில் அடுக்காக இருக்கும் பல்சக்கரங்கள் கேசட். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது டெரெயிலர். ஹேண்டில்பாரில் விரலால் தட்டுவது ஷிஃப்டர்.

ஒரு சைக்கிளில் 21 கியர், இன்னொன்றில் 9 கியர்தான். 21 உள்ளதுதானே நல்லது?

அப்படி ஒன்றும் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். 21 கியர் வண்டியில் முன்னால் 42, 34, 24 பற்கள், பின்னால் 14-லிருந்து 28 வரை ஏழு சக்கரங்கள் என்று வைத்துக்கொள்வோம். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் எத்தனை சுற்றும் என்று கிடைக்கும். 42-ஐ 28-ஆல் வகுத்தால் 1.5. 24-ஐ 16-ஆல் வகுத்தாலும் 1.5. 34-ஐ 22-ஆல் வகுத்தால் 1.55. மூன்றும் கணக்கில் தனித்தனி கியர், காலுக்கு ஒரே கியர்.

போதாக்குறைக்கு, முன்னால் பெரியதும் பின்னால் பெரியதுமாகப் போட்டால் செயின் குறுக்காக இழுபடும், கரகரக்கும், சீக்கிரம் தேயும். முன்னால் சின்னது, பின்னால் சின்னது என்றாலும் இதே கதைதான். இவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு டஜன் இருந்தால் அதிகம்.

கடையில் கேட்க வேண்டியது, மிக லேசான கியருக்கும் மிகக் கனமான கியருக்கும் இடையே எவ்வளவு வீச்சு என்பதை. மேலே சொன்ன 21 கியரில் அது 3.5 மடங்கு. முன்னால் ஒரே செயின்வீலும் பின்னால் 11-லிருந்து 42 வரை ஒன்பது சக்கரங்களும் உள்ள வண்டியில் 3.8 மடங்கு. 9 கியர் 21 கியரை முந்திவிட்டது.

அப்படியானால் முன்னால் ஒன்றா, இரண்டா, மூன்றா?

ஓட்டும் இடத்தைப் பொறுத்தது. முன்னால் ஒரே செயின்வீல் உள்ள அமைப்பை ஒன்-பை என்பார்கள். 2012-ல் ஸ்ராம் நிறுவனம் மலைப்பாதை சைக்கிள்களுக்கு எக்ஸ்எக்ஸ்1 என்ற 11 கியர் அமைப்பைக் கொண்டுவந்த பிறகு இது வேகமாகப் பரவியது. முன் டெரெயிலர் இல்லை, இடது ஷிஃப்டர் இல்லை, அதற்கான கேபிளும் இல்லை. கெட்டுப்போக மூன்று சாமான் குறைவு. செயின் துள்ளி விழாமலிருக்க செயின்வீலின் பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று தடிப்பாகவும் மெல்லியதாகவும் இருக்கும். பின் டெரெயிலரின் கை ஆடாமல் இறுக்கிப் பிடிக்க உள்ளே ஒரு கிளட்ச் இருக்கும்.

முன்னால் 32 பல், பின்னால் 11–50 உள்ள ஒரு ஒன்-பை. முன்னால் 50-34, பின்னால் 11–34 உள்ள ஒரு டூ-பை. இரண்டின் வீச்சையும் கணக்கிட்டால் ஒரே விடைதான் வரும்: 4.55 மடங்கு. ஆனால் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு வண்டிகள். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் டூ-பையின் கனமான கியரில் மணிக்கு 51 கி.மீ. வரை போகும். ஒன்-பை 36-க்கு மேல் காலைக் காற்றில் சுற்றவிடும். மறுபக்கம், ஒன்-பையின் லேசான கியர் சுவரில்கூட ஏறும் போலிருக்கும்.

இன்னொரு வித்தியாசம் படிகளில். 11–50 கேசட்டில் மேல்பக்கம் 30, 36, 43, 50 என்று தாவும். ஒவ்வொரு தட்டுக்கும் 16-லிருந்து 20 சதவீதம் மாற்றம். 11–34 கேசட்டில் 23, 25, 27 என்று போகும். அங்கே 8 சதவீதம்தான். நகரத்தில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மாமல்லபுரம் தாண்டி எதிர்காற்றில் மணிக்கணக்காக ஒரே தாளத்தில் மிதிப்பவருக்கு அந்த 8 சதவீதம் பெரிய விஷயம். பிரவே என்கிற, நேர எல்லை வைத்த நெடுந்தூர ஓட்டத்தில் 200 கி.மீ.யைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கணக்கில் இருப்பவர்கள் டூ-பையை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

என் கட்சி இது: நகரமும் மண் சாலையும் மலையும் என்றால் ஒன்-பை, சமதளத்தில் நெடுந்தூரம் என்றால் டூ-பை. மூன்று செயின்வீல் உள்ளதை, கையில் இருக்கும் பணத்துக்கு அதுதான் கிடைக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். 8 ஸ்பீடு, அதாவது பின்னால் எட்டுப் பல்சக்கரம் உள்ள வண்டிக்கான செயினும் கேசட்டும் விலை மலிவு, சின்ன ஊரிலும் கிடைக்கும்.

மலையேற எவ்வளவு லேசான கியர் வேண்டும்?

முன் பல்லும் பின் பல்லும் சமம், அதாவது 1.0, என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். சாலை சைக்கிளில் 34-க்கு 34 போட்டு நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. வேகம் வரும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பழகிய காலுக்கு இது போதும். கொல்லிமலையின் 70 வளைவுகளில், மூச்சு வாங்கும்போது அந்த ஏழரையையும் பிடித்து நிறுத்த முடியாது. சுற்று 40-க்கு இறங்கும், முட்டி வலிக்கத் தொடங்கும். அங்கே 0.8-க்குக் கீழே ஒரு கியர் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறலாம். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி ஏறுவது வேறு ரகம். 32-க்கு 50 போட்டு ஏறுகிறவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

டெரெயிலரை மட்டும் நல்லதாக மாற்றிக்கொள்ளலாமா? ஷிஃப்டர் பழையதே இருக்கட்டும்.

இதில்தான் பலருடைய பணம் வீணாகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஷிஃப்டரை ஒரு தட்டுத் தட்டினால் அது குறிப்பிட்ட நீளம் கேபிளை இழுக்கிறது. டெரெயிலர் அந்த நீளத்தை இத்தனை மடங்காக்கிப் பக்கவாட்டில் நகர்கிறது. அந்த நகர்வு கேசட்டில் ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளிக்குச் சமமாக இருந்தால்தான் கியர் விழும். ஷிமானோ நிறுவனத்தின் 8 ஸ்பீடில் ஒரு கிளிக்குக்குச் சுமார் 2.8 மி.மீ. கேபிள் நகரும். டெரெயிலர் அதை 1.7 மடங்காக்கும். வருவது 4.8 மி.மீ. சக்கரங்களின் இடைவெளியும் அவ்வளவுதான். 9 ஸ்பீடு ஷிஃப்டர் 2.5 மி.மீ. இழுக்கும், டெரெயிலரின் பெருக்கம் அதே 1.7. அதனால் 8, 9 ஸ்பீடு ஷிமானோ டெரெயிலர்களைத் தயங்காமல் மாற்றிப் போடலாம்.

சிக்கல் 10 ஸ்பீடில் தொடங்குகிறது. மலைப்பாதை வண்டிகளுக்கான 10 ஸ்பீடு ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய 3.4 மி.மீ. இழுக்கும்படி செய்துவிட்டார்கள், அதற்கேற்ப டெரெயிலரின் பெருக்கத்தைக் குறைத்தார்கள். அந்த ஷிஃப்டரைப் பழைய 9 ஸ்பீடு டெரெயிலரோடு பூட்டினால் ஒரு கிளிக்குக்கு 5.8 மி.மீ. நகரும். 10 ஸ்பீடு கேசட்டில் இடைவெளி 4 மி.மீ.கூட இல்லை. எந்தத் திருகைத் திருப்பினாலும் இதைச் சரிசெய்ய முடியாது. சாலை வண்டியிலும் ஒரு பொறி உண்டு. ஷிமானோவின் டியாக்ரா வரிசையில் 4600, 4700 என்ற மாடல்கள் இரண்டுமே 10 ஸ்பீடுதான், ஆனால் 4700-இன் இழுவை 11 ஸ்பீடு குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்ராமின் இழுவை இவை எல்லாவற்றிலிருந்தும் தனி.

வாங்குவதற்கு முன் ‘எத்தனை ஸ்பீடு’ என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். ஷிஃப்டரின் மாடல் எண்ணைப் பார்த்து, டெரெயிலர் அதே குடும்பமா என்று கேளுங்கள். 2023-ல் ஷிமானோ கொண்டுவந்த கியூஸ் வரிசை இந்தக் குழப்பத்தைக் குறைக்க வந்ததுதான். அதில் 9, 10, 11 ஸ்பீடு எல்லாவற்றுக்கும் இழுவை ஒன்றே. ஆனால் அந்த வரிசையையும் பழைய வரிசைகளையும் கலக்கக் கூடாது.

புதிய டெரெயிலர் போட்டும் கியர் மக்கர் செய்கிறது. ஏன்?

கேபிளைப் பாருங்கள். என்னைக் கேட்டால், விலையுயர்ந்த டெரெயிலரும் மட்டமான கேபிளும் உள்ள வண்டியைவிட, சாதாரண டெரெயிலரும் நல்ல கேபிளும் உள்ள வண்டியில் கியர் சுத்தமாக விழும். மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளில் 0.3 மி.மீ. வீணானால் பின்னால் அரை மி.மீ. பிசகும். ஸ்பீடு கூடக்கூட இடைவெளி குறையும், அந்த அரை மி.மீ. பெரிய தொந்தரவாகும்.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. செயின் பெரிய சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது. டெரெயிலரில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள உருளைத் திருகை இடப்பக்கமாகக் கால் சுற்றுச் சுற்றினால் சரியாகிவிடும். ஏறுகிறது, ஆனால் சின்ன சக்கரத்துக்கு இறங்கத் தயங்குகிறது என்றால் பெரும்பாலும் கேபிள் உள்ளே உரசுகிறது. ஏற்றும்போது உங்கள் விரலின் பலம் இருக்கிறது. இறக்கும்போது டெரெயிலரின் ஸ்பிரிங் மட்டும்தான் இழுக்க வேண்டும். துருவோ மண்ணோ அடைத்த அவுட்டருக்குள், அதாவது கேபிளின் வெளியுறைக்குள், அந்த ஸ்பிரிங்கால் கேபிளை இழுக்க முடியாது. அப்போது திருகைத் திருப்பிப் பயனில்லை, கேபிளை மாற்றுங்கள்.

டெரெயிலரில் எச், எல் என்று இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும். கியர் விழவில்லை என்றதும் பலர் முதலில் கை வைப்பது அவற்றில்தான். செயின் கேசட்டின் இரண்டு ஓரங்களையும் தாண்டி விழாமல் தடுப்பது மட்டுமே அவற்றின் வேலை. நடுவில் உள்ள கியர்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

கேபிளும் புதிது, எல்லாம் புதிது, அப்படியும் சரிவரவில்லையா? சைக்கிளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். டெரெயிலரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலே உள்ள பல்சக்கரத்தோடு ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். கீழ்ச் சக்கரம் உள்பக்கம் சாய்ந்திருந்தால், டெரெயிலர் தொங்கும் அலுமினியக் கொக்கி வளைந்துவிட்டது. பஸ்ஸின் மேலோ ரயிலிலோ வலப்பக்கமாகப் படுக்கவைத்துக் கொண்டுவந்த வண்டிகளில் இது சகஜம். நிமிர்த்த அதற்கென்று ஒரு அளவுக் கம்பி உண்டு. கொறடு போட்டு இழுத்தால் ஒடிந்துவிடும்.

பிரேக் அவுட்டரையே கியருக்கும் போடலாமா? ஒன்றுதானே?

வேண்டாம். பிரேக் அவுட்டருக்குள் கம்பி ஸ்பிரிங் மாதிரி சுற்றியிருக்கும், பெரும்பாலும் 5 மி.மீ. தடிமன். வளைத்தால் அதன் நீளம் கொஞ்சம் மாறும். பிரேக்குக்கு அதனால் பாதகமில்லை, கியருக்கு ஆகாது. கியர் அவுட்டர் பெரும்பாலும் 4 மி.மீ., உள்ளே கம்பிகள் நீளவாக்கில் ஓடும், நீளம் மாறாது.

மாற்றிச் செய்வது இதைவிட மோசம். கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டால், முழு பலத்தில் பிரேக் பிடிக்கும்போது அந்த நீளக் கம்பிகள் உறையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரலாம். அவசரப் பிரேக் பிடிக்கிற நேரத்தில் பிரேக்கே இருக்காது.

கேபிள் மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அவுட்டரின் வெட்டு முனையை. சாதாரணக் கட்டிங் பிளேயரால் வெட்டினால் முனை நசுங்கும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் மூடிக்கொள்ளும். கேபிளுக்கென்று உள்ள கட்டரால் வெட்டி, அரத்தால் முனையைச் சமமாக ராவி, ஒரு கோணி ஊசியை உள்ளே விட்டுச் சுழற்றிக் குழாயின் வாயை வட்டமாகத் திறந்துவிடுங்கள். பிறகுதான் முனைக் குப்பி, அதாவது அவுட்டர் முனையில் மாட்டும் சின்ன மூடி. சில நிமிட வேலை, ஆனால் பெரும்பாலான கடைகளில் செய்ய மாட்டார்கள்.

நீளம்: ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது அவுட்டர் இழுபடக் கூடாது. அதற்கு மேல் நீளம் வீண். பின் டெரெயிலருக்குப் போகும் கடைசித் துண்டு வட்டமாக, கூர்மையான மடிப்பு இல்லாமல் வளைய வேண்டும். மழைத்தண்ணீர் வந்து தேங்குவது அங்கேதான், முதலில் அடைத்துக்கொள்வதும் அதுதான். மற்றதை மாற்றாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் துண்டை மாற்றலாம், அதிகச் செலவில்லை. உள் கேபிள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கடற்கரை ஊர்களில் சாதாரண முலாம் பூசிய கேபிள் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே கஷ்டம்.

புதுக் கேபிள் ‘நீளும்’ என்று சொல்வார்கள். கேபிள் நீள்வதில்லை, அவுட்டர் முனைகள் குப்பிக்குள் அமுங்கி உட்காருகின்றன. பூட்டிய கையோடு அவுட்டரை அங்கங்கே அழுத்தி, ஷிஃப்டரைப் பத்துப் பதினைந்து முறை தட்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள்.

கேபிள் வெளியே ஓடுவது நல்லதா, ஃபிரேமுக்குள் ஓடுவது நல்லதா?

பார்க்க அழகு உள்ளே. பராமரிக்க எளிது வெளியே. நான் வெளியே ஓடுவதற்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

உள்ளே ஓடுவதிலும் தரம் பல. ஃபிரேமின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, அங்கே நுழைந்து பின்னால் வெளிவருவது பரவாயில்லை. மாற்றும்போது ஒரு சூட்சுமம் உண்டு: பழைய உள் கேபிளை உருவுவதற்கு முன், மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அதன் மேலேயே மாலைபோலக் கோத்து ஃபிரேம் முழுக்கத் தள்ளிவிடுங்கள். பிறகு கேபிளை உருவினாலும் வழி அப்படியே இருக்கும். முதலில் உருவிவிட்டால் காந்தத்தையும் நூலையும் வைத்துக்கொண்டு ஓட்டைக்குள் மீன்பிடிக்க வேண்டியதுதான். மேடு பள்ளத்தில் உள்ளே லொடலொடவென்று சத்தம் வந்தால், அவுட்டர் மேல் ஸ்பாஞ்ச் குழாயைச் செருகினால் நின்றுவிடும்.

ஹேண்டில்பாருக்குக் கீழே, அது திரும்புவதற்கான பேரிங்குகள் உள்ள ஹெட்செட் வழியாகவே எல்லாக் கேபிளும் இறங்குகிற புது மோஸ்தர்தான் என்னைப் பயமுறுத்துகிறது. அங்கே மேல் பேரிங் துருப்பிடித்தால், நம் ஊர் மழையிலும் வியர்வையிலும் பிடிக்கத்தான் செய்யும், அதை மாற்ற கேபிள்களையும் ஹைட்ராலிக் பிரேக் குழாயையும் கழற்ற வேண்டும், பிறகு பிரேக்கில் காற்று எடுக்க வேண்டும். ஒரு சின்ன பேரிங்குக்கு அரை நாள் கூலி. வளைவுகள் கூடுவதால் கேபிள் உரசலும் கூடும். ஒயர்லெஸ் கியர் உள்ள வண்டி என்றால் இந்தத் தொல்லையில் பாதி கழிந்துவிடும். மற்றவர்கள் வாங்கும் முன் பக்கத்துக் கடை மெக்கானிக்கிடம் ‘இதை நீங்கள் கழற்றிப் பூட்டுவீர்களா’ என்று கேட்டுவிடுங்கள்.

வெளியே ஓடும் கேபிளிலும் சிலதில் அவுட்டர் துண்டு துண்டாக இருக்கிறது, சிலதில் முழுநீளமாக. எது வாங்குவது?

துண்டாக இருந்தால் உரசல் குறைவு, எடை குறைவு, ஆனால் ஒவ்வொரு வாயிலும் தண்ணீர் நுழையும். பெடல் அச்சுக்கு அடியில் கேபிள் ஒரு பிளாஸ்டிக் வழிகாட்டி மேல் திறந்தபடி ஓடும். முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறெல்லாம் அங்கே வந்து சேரும். தார்ச்சாலை என்றால் துண்டு, மண்ணிலும் மழையிலும் ஓட்டுவதென்றால் முழுநீளம்.

ஃப்ரீவீல், கேசட் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

விலை குறைந்த 6, 7 ஸ்பீடு வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் ஃப்ரீவீல். பல்சக்கரங்களும் ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும் பொறியும் ஒரே உருண்டையாகச் சேர்ந்து, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் மரை போட்டுத் திருகியிருக்கும். கேசட்டில் அந்தப் பொறி ஹப்பிலேயே இருக்கும், பல்சக்கரங்கள் மட்டும் அதன் மேல் சொருகியிருக்கும். ஃப்ரீவீல் வண்டியில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சுக்கம்பி வளையும் வாய்ப்பு அதிகம். கனமான ஆள், கேரியரில் சுமை, குண்டும் குழியும் என்றால் கேசட்தான் சரி. பின்னாளில் 9 ஸ்பீடுக்கு மாற்றும் எண்ணம் இருந்தாலும் இதை இப்போதே பார்த்துவிடுங்கள். ஃப்ரீவீல் வண்டியை மாற்ற பின்சக்கரத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய மூன்று செயின்வீல் வண்டியை ஒன்-பை ஆக்கலாமா?

செயின்வீல்கள் போல்ட்டால் பூட்டியிருந்தால் ஆகும். ரிவெட் அடித்திருந்தால் பெடல் மாட்டியிருக்கும் கையான கிராங்க்கையே மாற்ற வேண்டும். முன் டெரெயிலரைக் கழற்றிவிட்டு நடுச் சக்கரத்தில் ஓட்டினால் போதாதா என்று கேட்பார்கள். சாதாரணச் செயின்வீலின் பற்கள் செயினை எளிதாகக் கழற்றிவிடும்படி வடிவமைத்தவை. முதல் பள்ளத்திலேயே செயின் விழும்.

எலெக்ட்ரானிக் கியர்?

ஷிமானோ 2009-ல் ஒயரோடு கொண்டுவந்தது, ஸ்ராம் 2015-ல் ஒயர் இல்லாமல். நன்றாகவே வேலை செய்யும், கேபிள் துருப்பிடிக்கும் கவலை இல்லை. விலையைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

வீட்டில் இருக்கிறதே என்று விடுகிறார்கள். வேண்டாம். பிசுபிசுத்து மண்ணைப் பிடிக்கும். ஊட்டிக் குளிரில் உறைந்தே போகும். செயினுக்கென்று விற்கும் எண்ணெயை உருளைக்கு ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும்.

செயினை எப்போது மாற்ற வேண்டும்?

இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் செயினில் ஒரு ஆணியின் நடுவிலிருந்து எண்ணினால் 24-ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் இருக்கும். தேயத் தேய அது தள்ளிப் போகும். ஆசாரிகள் கணக்கில் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) சொன்னால், அரை நூல் தாண்டிவிட்டால் செயினை மாற்றுங்கள், கேசட் பிழைத்துக்கொள்ளும். ஒரு நூல் தாண்டிவிட்டால் கேசட்டும் சேர்த்துத் தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது பல்லைத் தாண்டிக் குதிக்கும். 11, 12 ஸ்பீடு செயின்களை அரை நூல் வரைகூட விடாமல் கொஞ்சம் முன்னதாகவே மாற்றுவது நல்லது, அவற்றின் கேசட் விலை அப்படி.

உள் கேபிளின் நுனி பிரிந்து காலைக் குத்துகிறது.

வெட்டிய உடனே அலுமினியத் தொப்பி ஒன்றைச் செருகி நசுக்கிவிட வேண்டும். தொப்பி இல்லையென்றால் நுனியில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டுக் காயவையுங்கள். ஏற்கெனவே பிரிந்துவிட்டது என்றால், முறுக்கு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே விரலால் திருகிச் சேர்த்து, பிரிந்த பாகத்தை மட்டும் வெட்டிவிட்டுத் தொப்பி போடுங்கள். பூட்டும் போல்ட்டுக்கு வெளியே ஒரு மூன்று விரல் நீளமாவது மிச்சம் இருக்கட்டும், இல்லையென்றால் அடுத்த முறை இறுக்கும்போது கேபிளைப் பிடிக்க இடம் இருக்காது.